கை வைத்த ரிவால்வரை வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பழைய ரிவால்வர் சேகரிப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. முந்தைய சொந்தக்காரர் யாரோ பேரலை வெட்டியிருக்கிறார், முலாம் பூசியிருக்கிறார், சில சமயம் தோட்டா அளவையே மாற்றியிருக்கிறார். அப்படிப்பட்ட துப்பாக்கியைச் சேகரிப்புக்கு வாங்கலாமா, எப்படிப் பார்த்து வாங்குவது? எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: ஸ்மித் அண்ட் வெஸன் .38 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பேரல் 2 அங்குலம்தான். ஹேமரில் விரல் வைக்கும் கொம்பு இல்லை. உடம்பு முழுக்க நிக்கல் பளபளப்பு. பிடியின் அடியில் ‘வி’ என்ற எழுத்தோடு வரிசை எண் இருக்கிறது. ‘அந்தக் காலத்துப் போலீஸுக்காகத் தனியாகச் செய்தது’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

நம்ப வேண்டாம். ‘வி’ என்று தொடங்கும் எண் இருந்தால் அது இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்துக்காகச் செய்த விக்டரி மாடல். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் பளபளப்பே கிடையாது. மணல் வீசித் தேய்த்த மங்கலான கறுப்புப் பூச்சு, மெருகு போடாத வழவழப்பான வால்நட் பிடி, அடியில் கயிறு கட்ட ஒரு வளையம், இவ்வளவுதான். நிக்கல் பிறகு வந்தது. வளையம் இருந்த ஓட்டையை அடைத்த தடம் பிடியின் அடியில் வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இந்த மாடல் இரண்டு தோட்டாக்களுக்குச் செய்யப்பட்டது. அமெரிக்கப் படைகளுக்கும் பாதுகாப்புப் பணிகளுக்கும் போனவை .38 ஸ்பெஷல், பெரும்பாலும் 4 அங்குல பேரல். பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் போனவை .38 எஸ் அண்ட் டபிள்யூ, பெரும்பாலும் 5 அங்குலம். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், தோட்டா வேறு. பிரிட்டிஷ் தோட்டாவின் கூடு 0.775 அங்குல நீளம், குறுக்களவு சுமார் 0.386. ஸ்பெஷலின் கூடு 1.155 அங்குலம், குறுக்களவு 0.379. ஒன்று குட்டை, பருமன். மற்றது நெட்டை, ஒல்லி.

போர் முடிந்ததும் பிரிட்டன் உபரியாக விற்றவற்றில் ஏராளமானவற்றின் அறைகளை, அதாவது சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளைகளை, உள்ளே கடைந்து நீட்டி, நெட்டைத் தோட்டா நுழையும்படி செய்தார்கள். பேரலையும் வெட்டி, நிக்கல் பூசி, சந்தைக்கு விட்டார்கள். உங்கள் கையில் வரப்போவது அந்த வகை என்றே தோன்றுகிறது.

இதில் எங்கே கோளாறு என்றால், அறையின் முன்பகுதியை நீட்ட முடியும், பின்பகுதியை ஒல்லியாக்க முடியாது. ஏற்கெனவே அகலமாகக் கடைந்த உலோகத்தை யார் திரும்ப வைப்பது? ஒல்லியான ஸ்பெஷல் கூடு அகலமான பின்பகுதியில் தளர்வாக உட்கார்கிறது. சுட்டால் அடிப்பக்கம் புடைக்கிறது, சில கூடுகள் நீளவாட்டில் கிழிகின்றன. குண்டிலும் இதே கதைதான். பேரல் 0.361 அங்குலக் குண்டுக்கானது, ஸ்பெஷலின் குண்டு 0.358. பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்களை அது சரியாகப் பற்றாது, குறி சிதறும்.

சரிபார்ப்பது சுலபம். பேரலின் பக்கவாட்டு எழுத்தில் ‘ஸ்பெஷல்’ என்ற சொல் இல்லாமல், .38 ஸ்பெஷல் அளவு போலித் தோட்டா (மருந்தில்லாதது) அறைக்குள் விளிம்புவரை இறங்கினால் கடைந்திருக்கிறார்கள். கடையாத அறையில் அது பாதியிலேயே உள்விளிம்பில் முட்டி நின்றுவிடும். துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்ததற்கு அடிக்கும் பிரிட்டிஷ் சோதனை முத்திரை இருந்தால் அதையும் லென்ஸில் படியுங்கள். கூட்டின் நீளத்தை .767 என்று பொறித்திருப்பார்கள். முத்திரை .767 என்று சொல்ல, அறை 1.155 அங்குலக் கூட்டை விழுங்கினால், அந்தச் சோதனை இந்த அறைக்கு நடந்தது அல்ல.

வாங்கலாமா என்பதற்கு வருவோம். மாற்றிய ரிவால்வருக்கு மூன்று கேள்விகள் போதும்: யார் மாற்றியது, எப்போது, அதற்குக் காகிதம் உண்டா? உங்களுடையதில் மூன்றுக்கும் விடை இல்லை. போருக்குப் பிந்தைய உபரிச் சந்தைக்கு ஓர் உதாரணமாக அலமாரியில் வைக்கலாம். அதற்குரிய விலை, கழற்றினால் கிடைக்கும் உதிரி பாகங்களின் விலை. ‘தனியாகச் செய்தது’ என்ற வார்த்தைக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹேமர் கொம்பை வெட்டியிருந்தாலே மதிப்புப் போய்விட்டது என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா?

எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்ட் நம்பர் 2 ரிவால்வரில் 1938-ல் வந்த ‘மார்க் 1 ஸ்டார்’ வகைக்கு ஹேமர் கொம்பே கிடையாது. டாங்கிக்குள் உடையிலும் கம்பியிலும் மாட்டுகிறது என்பதால் ராணுவமே எடுத்துவிட்டது. முன்னர் செய்த மார்க் 1-களையும் ராணுவப் பட்டறைகளில் அப்படியே மாற்றினார்கள். இந்தத் துப்பாக்கியில் கொம்பு இல்லாததுதான் முறை. யாராவது கொம்பு வைத்த ஹேமரை மாட்டி விற்க வந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: பேரலை வெட்டியிருக்கிறார்களா, தொழிற்சாலையிலேயே குட்டையாக வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சரியாக அளக்கத் தெரிய வேண்டும். ரிவால்வரின் பேரல் நீளம் என்பது வாய் முனையிலிருந்து சிலிண்டரின் முன்முகம் வரை. சிலிண்டர் இதில் சேராது. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்துச் சுட வேண்டிய ரிவால்வர்) வழக்கமான நீளங்கள் 4¾, 5½, 7½ அங்குலம். அளவு 5⅛ என்று வந்தால் ரம்பம் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வெட்டுபவரும் இந்த எண்களை அறிந்தவராக இருக்கலாம். ஆகவே நீளத்தோடு நிறுத்தாதீர்கள்.

பேரலின் மேலோ பக்கத்திலோ பொறித்திருக்கும் நிறுவன முகவரியைப் பாருங்கள். அது பேரலில் எந்த இடத்தில் அமர வேண்டும் என்று ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய பேரலில் எழுத்து வாய்ப்பக்கம் நெருங்கிக் கிடக்கும், சில சமயம் கடைசி எழுத்தே காணாமல் போயிருக்கும். பிறகு, குறிபார்க்க வாய்முனையில் நிற்கும் முன் குறி. பேரலோடு ஒன்றாகக் கடைந்த குறியா, பற்றவைத்ததா? அடியில் பித்தளை நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் வெள்ளிப் பற்று. வாயின் விளிம்பை நகத்தால் சுற்றித் தடவுங்கள். தொழிற்சாலை விளிம்பு ஒரே சீரான வளைவாக இருக்கும். கையால் அரவினால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்.

ஸ்மித் அண்ட் வெஸனின் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வர்களில் இன்னொரு அடையாளம் உண்டு, அதுதான் முக்கியம். கூடு தள்ளும் கம்பியின் முன்முனையைப் பேரலின் அடியில் இருக்கும் ஒரு சிறு முளை பிடித்துக்கொள்ளும். பேரலை அதற்குப் பின்னால் வெட்டினால் முளையும் போய்விடும். அதன் பிறகு சிலிண்டரைப் பின்பக்கப் பூட்டு மட்டுமே தாங்க வேண்டும். நல்ல கை உள்ளவர்கள் சிலிண்டரை வெளியே சாய்க்கும் தாங்கியில் ஒரு ஸ்பிரிங் பந்துப் பூட்டைப் பொருத்திச் சரிக்கட்டியிருப்பார்கள். மற்றவர்கள் அப்படியே விட்டிருப்பார்கள். சிலிண்டரை மூடி, பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், தாங்கிக்கும் ஃபிரேமுக்கும் இடையே முடி இழை போல ஒளி விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஒன்றில் ஃபிரேம், விசைக்காப்பு (விசையைச் சுற்றிய வளையம்), பிடியின் முதுகு மூன்றிலும் வெவ்வேறு எண்கள். ‘ராணுவமே கலந்து மாட்டியது’ என்று விற்பவர் சொல்வதை ஏற்கலாமா?

ஏற்கக்கூடிய ஒரு வகை உண்டு, அதற்குப் பெயர் ஆர்ட்டிலரி மாடல். 7½ அங்குலத்தில் இருந்த குதிரைப்படை ரிவால்வர்களை 1890-களின் பிற்பகுதியிலும் 1900-களின் தொடக்கத்திலும் திரும்ப வாங்கி, ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கலச் சாலையிலும் கோல்ட் தொழிற்சாலையிலும் பேரலை 5½ அங்குலமாக வெட்டினார்கள். மொத்தமாகக் கழற்றி, பழுது பார்த்து, கைக்கு வந்த பாகத்தைக் கைக்கு வந்த ஃபிரேமில் மாட்டினார்கள். எண்கள் கலந்ததற்குக் காரணம் அதுதான். வெட்டிய பேரல், கலந்த எண் என்ற இரண்டு ‘குறை’களும் இங்கே அடையாளமாகிவிடுகின்றன.

ஆனால் இதையே சாக்காக வைத்து, உதிரி பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்த துப்பாக்கிகளும் ஆர்ட்டிலரி என்ற பெயரில் வருகின்றன. உண்மையானதில் ஒவ்வொரு பாகமும் ராணுவத்துக்கு விற்ற எண் வரிசைக்குள் இருக்கும். ஃபிரேமில் ‘யு.எஸ்.’ முத்திரை இருக்கும், ஆய்வாளர்களின் சிறு எழுத்து முத்திரைகள் பாகங்களில் இருக்கும். பொதுச் சந்தைக்கு விற்ற எண் ஒன்று நடுவில் புகுந்திருந்தால் கதை உடைந்தது. முத்திரையின் பள்ளத்தையும் லென்ஸில் பாருங்கள். நூறாண்டுப் பழையதில் பள்ளத்தின் ஓரம் சுற்றியுள்ள பரப்போடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புதிதாக அடித்ததில் பரப்பு தேய்ந்தும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும், உலோகம் ஓரத்தில் லேசாக மேலெழும்பியும் நிற்கும்.

கேள்வி: பழைய கோல்ட் கறுப்பு மருந்துக்கானதா (பழைய வெடிமருந்து), புகையில்லா மருந்துக்கானதா (பின்னர் வந்த, அழுத்தம் கூடிய வெடிமருந்து) என்று எப்படிப் பிரிப்பது?

சிங்கிள் ஆக்‌ஷனில் சிலிண்டரின் அச்சுக் கம்பியை எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஃபிரேமின் முன்பக்கத்திலிருந்து ஒரு திருகு என்றால் பழைய, கறுப்பு மருந்து ஃபிரேம். பக்கவாட்டில் அழுத்தும் ஸ்பிரிங் குமிழ் என்றால் பிந்தைய ஃபிரேம். ஆனால் குமிழ் இருப்பதாலேயே புகையில்லா மருந்துக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. கோல்ட் நிறுவனம் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்கத் தொடங்கியது 1900-ல், வரிசை எண் சுமார் 192,000 முதல்தான். இடைப்பட்டவை குமிழோடு இருந்தும் கறுப்பு மருந்துக்கே உரியவை. பிற்காலத்து சிலிண்டரையோ பேரலையோ மாட்டியிருந்தாலும் ஃபிரேம் பழையதுதானே.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்கும்போது எந்த வரிசையில் சோதிப்பது? கையில் என்ன கொண்டுபோவது?

பத்து மடங்கு லென்ஸ், சிறு டார்ச், 0.05 மி.மீ. முதல் 0.30 மி.மீ. வரை இடைவெளி அளக்கும் தகடுகள், அந்தந்த அளவுக்கான போலித் தோட்டா ஆறு, ஒரு காந்தம். இவை போதும். சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஹேமரைத் தொட வேண்டும். தோட்டாவை அடிக்கும் ஊசி ஹேமரிலேயே இருக்கும் பழைய துப்பாக்கிகளைத் தோட்டா இல்லாமல் வெற்றாக அடித்தால் ஊசி உடையும்.

முதல் வேலை, சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதி செய்வது. விற்பவர் ‘காலிதான்’ என்று சொன்னதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

அடுத்தது பூட்டு ஒழுங்கு. ஒரு விரலைச் சிலிண்டர் மேல் லேசாக வைத்துத் தடை கொடுத்துக்கொண்டு, ஹேமரை மிக மெதுவாகக் கட்டைவிரலால் இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்கும் முன்பே சிலிண்டரின் பள்ளத்தில் பூட்டு ‘க்ளிக்’ என்று விழ வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரைக் கையால் சிறிது திருப்பினால்தான் விழுகிறது என்றால், அதைத் திருப்பும் கைநெம்போ சக்கரப் பல்லோ தேய்ந்திருக்கிறது. ஆறு அறைகளுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறுவது சர்வ சாதாரணம், விற்பவர் காட்டுவதோ அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

பூட்டிய நிலையில் ஆட்டம் பார்க்கும்போது நிறுவனம் எது என்பதை மறக்கக் கூடாது. ஸ்மித் அண்ட் வெஸனில் பக்கவாட்டில் ஓர் இழை ஆட்டம் இயல்பு. விசையை இழுத்தாலே ஹேமரும் ஏறும் பழைய கோல்ட் டபுள் ஆக்‌ஷனில், விசையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்த நிலையில் சிலிண்டர் கல்லாக நிற்க வேண்டும். அந்த அமைப்பில் கைநெம்பு சிலிண்டரைப் பூட்டோடு நெருக்கிப் பிடித்திருக்கும். விசையை விட்ட நிலையில் ஆடுவதைப் பார்த்துப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

பிறகு இடைவெளி. சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையே தகடு விடுங்கள். முன்னால் தள்ளியும் அளங்கள். பின்னால் 0.20 மி.மீ., முன்னால் 0.15 என்றால் முன்பின் ஆட்டம் 0.05. பழைய துப்பாக்கிக்கு இது பரவாயில்லை. 0.10-ஐத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டும். பின்னால் தள்ளிய நிலையில் இடைவெளி 0.10 முதல் 0.25 வரை இருந்தால் நல்லது. எல்லா அறைகளுக்கும் ஒரே எண் வராவிட்டால் சிலிண்டரின் முன்முகமோ அச்சோ கோணல்.

ஹேமரை முழுதாக ஏற்றி, விசையில் விரல் படாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் மிதமாக முன்னுக்கு அழுத்துங்கள். விழுந்தால் அந்தத் துப்பாக்கி ஆபத்தானது. ‘விசை வெண்ணெய் மாதிரி’ என்று பெருமையாகச் சொல்லப்படும் துப்பாக்கிகளில்தான் இது அதிகம். ஹேமரின் பள்ளத்தில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்திய இரும்பு. விசையை இலகுவாக்கக் கல்லால் தேய்த்துக்கொண்டே போனால் அந்தத் தோல் கிழிந்து உள்ளே மென்மையான இரும்பு வந்துவிடும், பிறகு வாரத்துக்கு வாரம் தேயும். ஸ்மித் அண்ட் வெஸனில் பிடியின் முன்பக்கம் ஒரு சிறு திருகு முதன்மை ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும். அதை அரவிக் குட்டையாக்குவதும் பழைய குறுக்கு வழி. விசை இலேசாகும், ஆனால் ஹேமரின் அடி பலவீனமாகித் தோட்டா வெடிக்காமல் போகும்.

அதே நிறுவனத்தின் துப்பாக்கியில் ஹேமருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நிற்கும் பாதுகாப்புத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 1944-ல் கப்பல் ஒன்றில் கீழே விழுந்த விக்டரி மாடல் வெடித்து ஒருவர் இறந்ததையடுத்துத் திருத்திய வடிவத் தகட்டைப் பொருத்தினார்கள். திருத்திய துப்பாக்கிகளின் எண்ணில் ‘வி’யோடு ‘எஸ்’ சேர்ந்தது. விசை இலகுவாக வேண்டும் என்று இந்தத் தகட்டைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஹேமரை மெதுவாக ஏற்றும்போது அதன் முன்னால் ஒரு மெல்லிய உலோகத் தகடு கீழிறங்குவது தெரியும். தெரியாவிட்டால் பக்கத்தட்டைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கடைசியில் டார்ச். பேரலுக்குள் குறுக்கே கறுப்பு மோதிரம் போல ஒரு நிழல் தெரிந்தால், எப்போதோ குண்டு சிக்கி அதன் மேல் இன்னொன்று சுடப்பட்டுப் பேரல் புடைத்திருக்கிறது. வெளியே விரலால் தடவினாலும் மேடு தட்டுப்படும். பேரலின் பின்முனையில், குண்டு நுழையும் கூம்பில், கீழ்ப்பக்கம் விரிசல் தேடுங்கள். சிலிண்டரின் வெளிப்பூட்டுப் பள்ளம் அறைக்கு நேர் மேலே இருந்தால் சுவர் அங்கேதான் மிக மெல்லியது. பள்ளத்தின் அடியில் மயிரிழைக் கோடோ உள்ளே புடைப்போ இருந்தால் அந்த சிலிண்டர் காட்சிக்கு மட்டும்.

கேள்வி: பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வரான வெப்லி மார்க் 6 ஒன்று .45 ஏ.சி.பி. (தானியங்கி கைத்துப்பாக்கித் தோட்டா) சுடுகிறது, தோட்டா எளிதாகக் கிடைக்கும் என்கிறார்கள். நல்லதுதானே?

தோட்டா எளிதாகக் கிடைக்கும், துப்பாக்கிதான் தாங்காது. 1915-ல் வந்த மார்க் 6 சுடுவது .455 தோட்டா. அதன் அறை அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு. .45 ஏ.சி.பி.க்கான வரம்பு 21,000. சிலிண்டரின் பின்முகத்தைக் கடைந்து மெல்லியதாக்கி, அரைநிலாக் கிளிப்பில் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் அரைவட்டத் தகடு) கோத்த ஏ.சி.பி. தோட்டாவை நுழைத்தார்கள். நுழைகிறது என்பதால் தாங்கும் என்று அர்த்தமில்லை. கீலில் மடங்கித் திறக்கும் ஃபிரேம் இது. முதலில் தளர்வது மேல்பூட்டு, சிலிண்டர் பிளந்த துப்பாக்கிகளும் உண்டு.

அடையாளம் காண: மூடிய நிலையில் சிலிண்டரின் பின்முகத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே பக்கவாட்டில் பாருங்கள். அசலில் .455 தோட்டாவின் மெல்லிய விளிம்புக்கு மட்டும் இடம் இருக்கும். கடைந்ததில் கிளிப்புக்காக அகன்ற இடைவெளி தெரியும். அசல் .455 போலித் தோட்டாவைப் போட்டால் முன்பின் கடகடக்கும். அதை இனி .455-க்கும் முறையாகப் பயன்படுத்த முடியாது, ஊசி எட்டாமல் போகும்.

சேகரிப்பவருக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. கெட்டது சிலிண்டர் மட்டும்தான். கடையாத சிலிண்டர் கிடைத்து, துப்பாக்கி பழுது பார்க்கும் ஒழுங்கான கன்ஸ்மித் பூட்டு ஒழுங்கைச் சரிபார்த்துக் கொடுத்தால் துப்பாக்கி .455-க்குத் திரும்பிவிடும். எண் பொருந்தாது, அதை விலையில் கழித்துக்கொள்ளலாம். பழைய சிலிண்டரை ‘சுடாதே’ என்று எழுதிய சீட்டோடு தனியாக வைத்திருங்கள்.

இதே எச்சரிக்கை .38 ஸ்பெஷலின் அறையை நீட்டி .357 மேக்னம் ஆக்கியவற்றுக்கும் பொருந்தும். அங்கே வரம்பு 17,000-லிருந்து 35,000-க்கு, அதாவது இரு மடங்குக்கு மேல் ஏறுகிறது. பேரலில் ‘.38 ஸ்பெஷல்’ என்று எழுதியிருந்து, 1.29 அங்குல மேக்னம் கூடு முழுதாக இறங்கினால் அந்த வேலை நடந்திருக்கிறது.

கேள்வி: மறுபூச்சு செய்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பூச்சு மட்டும் என்றால் பரவாயில்லை, பூசுவதற்கு முன்னால் செய்த மெருகுதான் துப்பாக்கியைக் கெடுக்கிறது. சாணைச் சக்கரம் பட்ட இடமெல்லாம் உலோகம் போய்விடும். திருகு ஓட்டைகளின் விளிம்பு தட்டுப் போலக் குழிந்திருக்கும். ஃபிரேமின் நேர்க் கோணங்கள் உருண்டிருக்கும். விளக்கொளியைத் தட்டைப் பரப்பில் சாய்வாக விழவிட்டால் நீர்ப்பரப்பு போல அலை அலையாகத் தெரியும். முத்திரை எழுத்துகளில் ஆழம் குறைந்து, பாதி எழுத்து மறைந்திருக்கும்.

ஸ்மித் அண்ட் வெஸனில் ஒரு நேரடிச் சோதனை: ஹேமரும் விசையும் வழக்கமாக நீலம், சாம்பல், பழுப்பு கலந்து ஓடும் நிறத்தில் இருக்கும், நிக்கல் துப்பாக்கியிலும்கூட. அவற்றுக்கும் நிக்கல் அடித்திருந்தால் பெரும்பாலும் வெளிப் பட்டறை வேலை. ஆனால் தொழிற்சாலைக்கே திரும்பிப் போய்ப் பூச்சு மாறியவையும் உண்டு. பிடியைக் கழற்றினால் உள்ளே திரும்பச் செய்த மாதமும் ஆண்டும் சிறு எண்ணாக இருக்கலாம், வரிசை எண்ணருகே நட்சத்திரக் குறி இருக்கலாம். அது இருந்தால் மதிப்பு குறைவது குறைவு.

கேள்வி: பெயர் பெற்ற ஆள் செய்த மாற்றம் என்றால் விலை ஏறும்தானே?

ஏறும், நிரூபித்தால். சான் பிரான்சிஸ்கோவின் கிங் கன் சைட் நிறுவனம் போட்ட காற்றோட்ட மேல்பட்டை, முன் குறிக்கு ஒளி பாய்ச்சும் சிறு கண்ணாடி, ஒரு பக்கம் சாய்ந்த அகல ஹேமர் கொம்பு ஆகியவற்றுக்கென்றே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்பட்டையிலேயே பெயர் பொறித்திருக்கும்.

வம்பு வருவது ஃபிட்ஸ் ஸ்பெஷலில்தான். கோல்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு, பேரலை 2 அங்குலமாகக் குறைத்து, ஹேமர் கொம்பை எடுத்து, விசைக்காப்பின் முன்பாதியை வெட்டிச் செய்தவை அவை. ரம்பமும் அரமும் இருக்கும் யாரும் இதைச் செய்யலாம் என்பதுதான் பிரச்சினை, பலர் செய்தும் இருக்கிறார்கள். கோல்ட் ஆவணக் காப்பகத்தின் கடிதத்தில் அந்த வரிசை எண்ணுக்கு நேரே 2 அங்குல பேரலும், துப்பாக்கி ஃபிட்ஸ்ஜெரால்டின் கைக்குப் போன குறிப்பும் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் அது வெட்டிய கோல்ட். வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கேள்வி: தொழிற்சாலைக் கடிதம் இருந்தால் போதுமா?

கடிதம் சொல்வது துப்பாக்கி வெளியே போன நாளில் எப்படி இருந்தது என்பதை: அனுப்பிய தேதி, யாருக்கு, பேரல் நீளம், அளவு, பூச்சு. அதன் பிறகு நடந்தது அதில் இருக்காது. ஆனால் மாற்றிய துப்பாக்கிக்குத்தான் அது அதிகம் பயன்படும். கடிதம் ‘6 அங்குலம், நீலம்’ என்கிறது, கையில் ‘4 அங்குலம், நிக்கல்’ இருக்கிறது என்றால் பேரம் அங்கே முடிந்தது. பணம் கொடுக்கும் முன்பே கடிதம் கேளுங்கள். விற்பவர் மறுத்தால், கடிதம் எதிராக வரும் என்று வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு பழைய நிலைக்குத் திருப்பலாமா?

திருகில் கழல்வதை எல்லாம் திருப்பலாம்: பிடி, குறி, ஹேமர், ஸ்பிரிங். கழற்றிய பாகங்களை எறியாமல், எந்தத் துப்பாக்கியிலிருந்து என்று எழுதி வையுங்கள். ஃபிரேமில் போட்ட ஓட்டை, வெட்டிய விசைக்காப்பு, தேய்ந்த முத்திரை ஆகியவற்றைத் திருப்ப முடியாது. பற்றவைத்து நிரப்பினால் ஃபிரேமின் கடினம் போகும்.

நீலப் பூச்சைப் புதுப்பிக்க அனுப்புகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மேல்பட்டையோ குறியோ ஈயப் பற்றில் ஒட்டியிருந்தால், கொதிக்கும் காரக் கரைசலில் போடும் முறைக்கு விடாதீர்கள். அந்தக் காரம் பற்றைத் தின்றுவிடும், துப்பாக்கியும் பட்டையும் தனித்தனியாகத் திரும்பி வரும். மெதுவாகத் துருவேற்றிக் கறுப்பாக்கும் பழைய முறைதான் அதற்குச் சரி. கேட்டால் எங்கள் யோசனை, பழைய மாற்றத்தின் மேல் புது மாற்றம் வேண்டாம் என்பது. பழைய தேய்மானத்துக்காவது வயது இருக்கிறது.

கேள்வி: தந்தப் பிடி போட்டது வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஏதாவது சிக்கல் உண்டா?

உண்டு. தந்தத்தின் பன்னாட்டு வணிகம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. துப்பாக்கிக்கு அனுமதி இருந்தாலும் பிடிக்குத் தனி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமாகச் சுங்கத்தில் நிற்கும். பிடியைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்வது எளிது. அசல் தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகோடுகள் இருக்கும். பிளாஸ்டிக்கில் கோடுகள் இணையாக ஓடும்.

கேள்வி: உரிமம் பற்றி எப்போது யோசிக்க வேண்டும்?

முன்பணம் கொடுக்கும் முன். பழம்பொருள் என்ற விலக்கு எந்த ஆண்டு வரை, எந்தத் தோட்டாவுக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898-ஐ எல்லையாக வைத்திருக்கிறது, பிற நாடுகளில் வேறு. பேரலை வெட்டியதும் அளவை மாற்றியதும் துப்பாக்கியைச் சட்டத்தின் வேறு வகுப்புக்குத் தள்ளிவிடக்கூடும். ஆகவே உரிம அலுவலகத்தில் கேட்கும்போது இப்போதைய அளவையும் நீளத்தையும் எழுதிக் கொடுங்கள், அசல் மாடலின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. வரிசை எண்ணை அரவியிருந்தால் விலை என்னவாக இருந்தாலும் தொடாதீர்கள். ‘மெருகு போடும்போது தேய்ந்தது’ என்ற பதிலை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.

கேள்வி: நிக்கல் பூசிய துப்பாக்கியை எப்படிச் சுத்தம் செய்து வைப்பது?

அமோனியா கலந்த செம்பு கரைப்பானைத் தொடவே கூடாது. நிக்கலுக்கு அடியில் பல சமயம் செம்புப் படலம் இருக்கும். சிறு கீறல் வழியாக அமோனியா இறங்கிச் செம்பைக் கரைத்தால் நிக்கல் செதிலாக உரியும். மென்மையான துணியில் நடுநிலை எண்ணெய் போதும், மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. பழைய தோல் உறை அழகாக இருந்தாலும் துப்பாக்கியை அதற்குள் வைத்து விடாதீர்கள். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். உறையைத் தனியாகவும், துப்பாக்கியை சிலிக்கா ஜெல் பையோடு பூட்டிய பெட்டியிலும் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடேற்றி உலர்த்தி மறுபடி போடுங்கள்.